ஒரே லாட் சரக்கு

மார்ச் 4

குண்டனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் நான் இரண்டு வார்த்தை கத்துவதற்குள் நீ கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. அதனால் என் குடோனிலிருந்து உனக்கு மைதா கொண்டுவரும் லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். கடையில் கூட்டம் இருந்தாலும் நின்று வாசி.

போன வருஷம் உன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தவன் நான். அதற்கப்புறம் நீ சோறு, ரொட்டி, சர்க்கரை எல்லாவற்றையும் விட்டாய். முட்டை, மீன், காய் என்று மாறினாய். தொப்பை போய்விட்டது. ரொட்டிக்கடைக்காரன் ரொட்டி தின்னாமல் இருப்பதைப் பார்த்து ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. மெச்சிக்கொண்டேன்.

ஆனால் நேற்று உன் பெண்டாட்டி என் பெண்டாட்டியிடம் அழுதிருக்கிறாள். கொலஸ்ட்ரால் மாத்திரையை நீயாகவே நிறுத்திவிட்டாயாம். அட்டை அட்டையாகக் கல்லாப்பெட்டிக்குள் கிடக்கிறதாம். ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் ரத்தப் பரிசோதனைத் தாளை நீட்டி, "சுகர் இறங்கிடுச்சு, டிரைகிளிசரைடு இறங்கிடுச்சு, சாப்பாட்டுலயே சரி பண்ணிட்டேன்" என்று பீற்றிக்கொள்கிறாயாம். அதே தாளில் எல்.டி.எல்., அதுதான் கெட்ட கொலஸ்ட்ரால், என்று ஒரு வரி இருக்கிறதே, அது ஏறியிருக்கிறதே, அதை ஏனப்பா கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டுகிறாய்?

மூட்டை பார்க்க உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். குத்தூசியை மூட்டையின் வாயில் குத்தினால் நல்ல சரக்குதான் வரும். விற்கிறவன் நல்லதை மேலே போட்டுத்தான் தைப்பான். அடியில் குத்திப் பார்க்கத் தெரியாதவன் இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது. உன் உடம்பை மட்டும் வாயிலேயே குத்திப் பார்த்துவிட்டு நல்ல சரக்கு என்று சீட்டு ஒட்டுகிறாய். அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தராசுக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்ததை நாம் இரண்டு பேரும்தானே பார்த்தோம்?

மாத்திரையைப் போடும்வரை என் குடோனிலிருந்து உனக்கு ஒரு பிடி மாவோ சர்க்கரையோ வராது. இதுதான் கடைசி லோடு.

உன் அண்ணன்


மார்ச் 9

அண்ணனுக்கு,

மாவை நிறுத்துங்கள். உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் மாவு விற்கிறீர்களா?

போன வருஷம் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியவன், இன்றைக்கு எண்ணெய் டின்னோடு ஏறுகிறேன். அது உங்கள் கண்ணில் படவில்லை. மாத்திரையை ஏன் விட்டேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? அதைப் போட்டால் தொடைச் சதை பிய்ந்து போகிற மாதிரி வலிக்கிறது. பகல் முழுக்க அடுப்பு முன்னால் நிற்கிறவன் நான். உங்களைப் போல நாற்காலியில் உட்கார்ந்து சரக்கு பார்க்கிறவன் இல்லை. வலி என்றால் சாக்கு என்பீர்கள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும்தான்.

அடியில் குத்து என்கிறீர்களே, உங்கள் மூட்டையை என்றைக்காவது குத்திப் பார்த்தீர்களா? ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறோம், நமக்கென்ன என்ற தெனாவட்டு. சாக்கு தைத்த அழகைப் பார்த்துச் சரக்கை வாங்குகிற வேலை இல்லையா அது? டீ என்ற பெயரில் பாகு குடிக்கிறீர்கள். அப்பாவும் ஒல்லிதான், மறந்துவிட்டதா?

ஒன்றாக வந்த ஒரு லாட்டில் ஒரு மூட்டை கெட்டிருந்தால் மொத்த லாட்டையும் பிரித்துப் பார் என்று சொன்னது யார்? அப்பா ஒரு மூட்டை. நான் ஒரு மூட்டை. மூன்றாவது மூட்டை குடோனில் உட்கார்ந்துகொண்டு எனக்குப் புத்திமதி எழுதுகிறது.

தம்பி


மார்ச் 17

குண்டனுக்கு,

உன் திமிரை அடக்கத்தான் போனேன். நல்ல ரிசல்ட்டை வாங்கி உன் மூஞ்சியில் எறிய வேண்டும் என்று, உனக்கு வைத்தியம் பார்த்த அந்த அம்மாவிடமே போனேன்.

எறிய முடியவில்லை. கெட்ட கொலஸ்ட்ரால் உன்னைவிட எனக்கு அதிகம். சர்க்கரை வியாபாரிக்குச் சர்க்கரையும் வாசல்வரை வந்து நிற்கிறதாம். ஓடுகிற மெஷினில் ஏற்றினார்கள், பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். நெஞ்சில் அடைப்பு இருக்கிறதா என்று அடுத்த வாரம் குழாய் விட்டுப் பார்க்க வேண்டுமாம்.

"வீட்ல யாருக்காவது இருந்துதா?" என்றார். அப்பா, தம்பி என்றேன். "அப்புறம் இத்தனை வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"சர்க்கரை வித்துட்டிருந்தேன்மா" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

உன் கால் வலியையும் சொன்னேன். அந்த அம்மாவுக்கு வந்த கோபம் என் கோபத்தைவிடப் பெரிது. "சாப்பாட்டை மாத்தினது நல்ல வேலை செஞ்சிருக்கு, வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா ஒரு தடவை அடைப்பு வந்தவருக்கு இந்த எல்.டி.எல். ஆகாது. ஒரு மாத்திரை ஒத்துக்கலைன்னா வேற இருக்கு, அளவைக் குறைக்கலாம். வாயைத் திறந்து சொல்லணும். வரச் சொல்லுங்க அவரை" என்றார்.

எனக்கும் மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். சட்டைப் பையில்தான் இருக்கிறது. பிரிக்கவில்லை. நீ போடாதவரை நானும் போடமாட்டேன். மிரட்டலா என்று கேட்டால், ஆமாம், மிரட்டல்தான். பேரத்தில் நான் சொன்ன சொல்லிலிருந்து இறங்கியிருக்கிறேனா, நீயே சொல்.

மாவு ஏற்றியிருக்கிறேன். உன் அடுப்பை அணைத்துவிட்டு எனக்கென்ன ஆகப்போகிறது, மடையா.

ஈர்க்குச்சி


மார்ச் 21

அண்ணனுக்கு,

வெட்கமாக இல்லையா உங்களுக்கு? மாவை நிறுத்துகிற மிரட்டல் பலிக்கவில்லை என்றதும், தன் உயிரையே தராசில் தூக்கி வைக்கிற மனுஷனை நான் பார்த்ததில்லை. ராத்திரி முழுக்க உங்களைத் திட்டித் தீர்த்தேன். என் பெண்டாட்டியும் கூடச் சேர்ந்துகொண்டாள்.

காலையில் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். பாட்டு வாங்கினேன். மாத்திரையை மாற்றி, சின்ன அளவில் கொடுத்திருக்கிறார். கால் வலித்தால் உடனே வந்து சொல்ல வேண்டுமாம். லாரிக்காரரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவர் கண் முன்னால் விழுங்கினேன். அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழாய் விட்டுப் பார்க்கிற அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வருகிறேன். இந்தத் தடவை வராந்தா என்னுடையது. முடிந்ததும் அண்ணியையும் உங்களையும் என் வீட்டுக்குக் கூட்டிவருவேன். அங்கே உங்களுக்கு ஒரு துண்டு ரொட்டி கிடையாது. டீயில் சர்க்கரை கேட்டால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவேன். என் கோபம் இன்னும் தீரவில்லை.

ஒன்று. நீங்கள் மாத்திரையை விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். இதை வாசிக்கிறீர்கள் என்றால் விழுங்கிவிட்டீர்கள்.

தண்ணீர் குடியுங்கள்.

குண்டன்