முதலில் பட்டு, பிறகு உயிர்

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் எங்கள் வழக்கை எடுக்கவில்லை. பெனின் நகர மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் பட்டு அங்கி அணிந்த மூத்த வழக்கறிஞர்களின் வழக்குகளைத்தான் முதலில் அழைப்பார்கள். என்னைப் போன்ற சாதா அங்கிக்காரர்கள் பின்பெஞ்சில், குதிரை மயிர்ப் பொய்முடிக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இன்று வந்த ஒவ்வொரு பட்டும் எழுந்து, தன் ஜூனியர்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியது. ஒருவருக்கு ஜூனியர்கள் அதிகம். கடைசிப் பையன் வராந்தாவிலிருந்து தலையாட்டினான். அறிமுகங்கள் முடிந்ததும் நீதிபதிகள் களைத்துப்போய் எழுந்துவிட்டார்கள்.

என் கட்சிக்காரன் இதெமுதியா ஒரு வெல்டர். கொலைக் குற்றத்துக்குத் தூக்கு. அவன் செய்தது இவ்வளவுதான்: வெட்டுப்பட்டுக் கிடந்த பக்கத்து வீட்டுக்காரனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். "போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வா, அப்பதான் தொடுவோம்" என்றார்கள். இந்த நாட்டில் வேறெப்படிச் சொல்வார்கள்? காயம்பட்டவனோடு காவல் நிலையம் போனான். அங்கே அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் செத்தான். ஒரு பிணமும், சட்டையெல்லாம் ரத்தமாக ஓர் ஆளும் ஒரே வண்டியில் வந்து இறங்கினால் போலீசுக்கு வேறென்ன வேண்டும்? மாலைக்குள் துப்புத் துலங்கிவிட்டது.

மார்ச் 5
அவன் தந்ததாகச் சொல்லப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தை மறுபடி படித்தேன். என்ன ஆங்கிலம்! அரைப்புள்ளிகூட இடம் தவறாமல் விழுந்திருக்கிறது. இதெமுதியாவுக்கு எடோ மொழி தெரியும், சந்தையில் பேசும் உடைந்த ஆங்கிலம் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. அவன் எடோவில் சொன்னதைத் தான் ஆங்கிலத்தில் எழுதினதாகச் சொல்லும் ஒரு போலீஸ்காரர் இருக்கிறார். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவேயில்லை. மொழிபெயர்த்தவர் சாட்சி சொல்லாவிட்டால் வாக்குமூலம் செல்லாது. இந்த ஒரு காரணம் போதும், தண்டனை நிற்காது. சட்டக் கல்லூரியில் தூங்கி வழிந்தவனுக்கும் இது தெரியும்.

தூங்கி வழிந்தவன் என்றதும் ஒக்பெய்தே ஞாபகம் வருகிறான். என் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவன். இப்போது பட்டு. நான் மூன்று தடவை விண்ணப்பித்தேன். மூன்று தடவையும் – சரி, வேண்டாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்
மூன்று நீதிபதிகள் அமர வேண்டிய இடத்தில் இரண்டு பேர். மூன்றாமவர் தலைநகர் அபுஜாவுக்குப் போயிருக்கிறார். 'விரைவான நீதி' பற்றிய கருத்தரங்கு. வழக்கு மே 13-க்கு.

ஏப்ரல் 9
இதெமுதியாவின் மனைவி இசியெக்பே அலுவலகத்துக்கு வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. ஒக்பெய்தே சாரோட தங்கச்சி எங்க சர்ச்சுதான். அவர் காசு வாங்காம கோர்ட்டுல நிக்கிறேன்னு சொன்னாராம். அவர் நின்னா நம்ம கேஸைத்தான் முதல்ல கூப்பிடுவாங்களாமே?"

"என் வாதத்துல என்ன குறை கண்டே?"

"குறையே இல்ல ஐயா. யாரும் கேக்கலையே, அதான்."

காகிதங்களை அடுக்கினேன். ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன.

"எங்க வீட்டுக்காரருக்கு இருமல்ல ரத்தம் வருது ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 10
முடியாது.

ஏப்ரல் 13, ஞாயிறு
எழுதினது நான். சிறைக்கு அலைஞ்சது நான். கடைசியில பேர் அவனுக்கா? அந்தத் தடியனுக்குப் பின்னால போய் நான் கைகட்டி நிக்கணுமா? முடியாது, முடியாது.

ஏப்ரல் 15
சிறைக்குப் போனேன். இதெமுதியாவின் கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன், ஒக்பெய்தேயின் லட்சணங்கள் ஒன்று விடாமல். பொறுமையாகக் கேட்டான்.

"ஐயா, அந்த ஆளு முட்டாளா?"

"முழு முட்டாள்."

"ஆனா ஜட்ஜுங்க அவரைக் கூப்பிடுவாங்க?"

"கூப்பிடுவாங்க."

"அப்போ நீங்க பக்கத்துல நின்னு சொல்லிக்குடுங்க ஐயா." சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது. அடங்கிய பிறகு சொன்னான்: "என் அறையில ரெண்டு பேர் இப்படி இருமியே போயிட்டாங்க. சர்க்காருக்குக் கயிறு மிச்சம்."

ஏப்ரல் 17
ஒக்பெய்தேயின் வீடு. வாசலில் கல் சிங்கங்கள். மிளகு சூப் வரவழைத்தான்.

"டேய் இக்பினோசா! இன்னும் அந்த மாடிப்படிக்கு அடியிலதான் ஆபீசா? நம்ம பேட்ச்லயே மூளைக்காரன் நீதான்டா. என்ன செய்ய, உனக்கு ஆளுங்களைப் பிடிக்காது."

"எனக்கு முட்டாளுங்களைத்தான் பிடிக்காது."

"பாத்தியா, பாத்தியா!" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். "வழக்குக் கட்டை அனுப்பு, படிச்சுடறேன்."

சூப் நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சல்.

மே 13, செவ்வாய்
முதல் வழக்கு. முதல்! நீதிபதிகள் அமர்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைப்பதற்குள் அழைத்துவிட்டார்கள். ஒக்பெய்தே எழுந்து தன் படையை அறிமுகப்படுத்தினான். கடைசியாக, நாற்காலியைச் சுட்டுவதுபோல, "திரு. இக்பினோசாவும்." கட்சிக்காரன் பெயரைத் தவறாகச் சொன்னான். கட்டு பிரிக்கப்படாமலே மேசையில் இருந்தது. "எங்கள் எழுத்துபூர்வ வாதத்தை ஏற்று, மேல்முறையீட்டை அனுமதிக்கப் பணிவுடன் வேண்டுகிறேன்" – அவ்வளவுதான் வாதம். இங்கே அதுதான் வழக்கம். ஒரு வருடமாகக் கண்ணாடி முன் நான் பேசிப் பழகியதெல்லாம் கண்ணாடிக்குத்தான்.

நடுவில் இருந்த நீதிபதி நிமிர்ந்தார். "மொழிபெயர்த்த காவலர் சாட்சி சொன்னாரா?"

ஒக்பெய்தே கம்பீரமாக மேல்கூரையைப் பார்த்தான். பிறகு கழுத்தைத் திருப்பாமல் வாயோரமாக, "சொன்னானாடா?" என்றான்.

ஒரு கணம் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு கணம் இனித்தது என்பதை இங்கே எழுதலாம்; வேறு யாரிடமும் சொல்லப்போவதில்லை. பிறகு இதெமுதியாவின் கழுத்து எலும்பு கண்முன் வந்தது. "இல்லை. கூப்பிடவே இல்லை" என்றேன்.

"அழைக்கப்படவே இல்லை, மாண்புமிகு நீதிபதிகளே!" மணி அடித்ததுபோல் ஒரு குரல். அந்தக் குரலுக்குத்தான் பட்டு கொடுத்திருக்க வேண்டும். அரசு வழக்கறிஞர் ஏடுகளைப் புரட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஜூன் 20
தீர்ப்பு வரவில்லை. இசியெக்பே மருந்து கொண்டுபோனாள். சிறை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்களாம், உள்ளே போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி
தண்டனை ரத்து. விடுதலை. காரணம், நான் எழுதிய அதே காரணம், கிட்டத்தட்ட என் வாக்கியங்களிலேயே. 'கற்றறிந்த மூத்த வழக்கறிஞரின் அயராத உழைப்பை' நீதிமன்றம் பாராட்டியது. அயராத உழைப்பு தலைகுனிந்து ஏற்றுக்கொண்டது.

ஜூலை 12
பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. ஒக்பெய்தே முழுதாக. ஓரத்தில் என் முழங்கை.

ஜூலை 14, திங்கள்
சனி ஞாயிறு போய், இன்றுதான் ஆளை வெளியே விட்டார்கள். ஒக்பெய்தே வரவில்லை, வாழ்த்துச் சொல்லி போன் செய்தான். இசியெக்பே அழவில்லை. ஒரு துளை மாறிப் போட்டிருந்த அவன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

என் காரருகே வந்ததும் இதெமுதியா பின்கதவுக்கு எதிரில் விறைப்பாக நின்றான். கையை நீட்டவில்லை. எனக்குச் சுருக்கென்றது. ஓகோ, பட்டு அங்கி மீட்ட ஆளல்லவா, கதவையும் நான்தான் திறந்துவிடணுமோ?

"என்னப்பா, ஏறு" என்றேன், கடுப்பாகவே.

கதவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏறலாமா ஐயா?" என்று கேட்டு, அப்படியே நின்றான்.

அப்புறம்தான் உறைத்தது. சிறைக்குள் இத்தனை வருடமாக ஒரு கதவைக்கூட அவன் தன் கையால் திறந்ததில்லை.

சுற்றிப்போய்த் திறந்துவிட்டேன்.

வீட்டு வாசலிலும் நின்றுவிட்டான். இசியெக்பே சாவியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். எனக்கு வேறு வேலை இருந்தது, போகவில்லை. அவனாகத் திறக்கும்வரை நின்றிருந்தோம்.