ஜெயகுமாரி சொன்ன ஜெபம்

சேக்காடு, ஆவடி
20.3.1995

அன்புள்ள ரகுநாதன் தம்பிக்கு,

சேக்காடு சவரிமுத்து சொல்லி எழுதச் செய்வது. ஆண்டவர் இரக்கத்தில் நானும் சகாயம்மாளும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீங்களும் வீட்டில் அம்மாவும் குழந்தையும் ஜபல்பூர் தண்ணீருக்குப் பழகி, காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் விலாசத்தை பேக்டரி திருவேங்கடத்திடம் வாங்கினேன். முதலில் தரமாட்டேன் என்றார். யாருக்கும் தர வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனீர்களாமே. "புள்ளையப் பறிகுடுத்தவன் நானே கேக்கறேன், குடு நைனா" என்றேன். உடனே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

புயலில் சாய்ந்த மாதா கோயில் வேப்பமரத்தை அறுத்து, ஹாலுக்கு பெஞ்சு செய்திருக்கிறார்கள். உங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு வேலூர்க் குடும்பம் வந்திருக்கிறது. மாடியில் நீங்கள் கட்டிய ஏரியல் கம்பியில் அந்த அம்மாள் பாவாடை காயப்போடுகிறாள். பாடிப் பக்கம் கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்து இடுப்பு வலி எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் ஹாலைக் கூட்டிப் பூட்டுகிற வேலையை விடவில்லை. அதை விட்டால் வீட்டில் உட்கார்ந்து எங்கள் பாஸ்கல் போட்டோவைத்தான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

இப்போது எழுதுவதற்குக் காரணம் அந்த ஹால்தான். பங்குச் சாமியார் பீரோவைத் திறந்து, நீங்கள் விட்டுப்போன, ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் ரேடியோ செட்டுகளை சத்தியராஜிடம் கொடுத்துவிட்டார். இளைஞர் மன்றத்தை மறுபடி ஆரம்பித்திருக்கிறான். பூந்தமல்லியிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவன்தான் வாத்தியார். போன ஞாயிறு துடைப்பத்தோடு நின்று பார்த்தேன். பட்டனை அமுக்கினவன் விடவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி, நடுவில் தும்மி, யாரையோ டீ வாங்கிவரச் சொல்லி, மறுபடியும் பேசுகிறான். "மாமே, இது இன்னா கட்சி மீட்டிங்கா? கைய எட்றா, நாங்களும் பேசணும்" என்று உத்தமன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நீங்கள் சொல்லிக்கொடுத்த விதமே வேறு. ஒருத்தனை மணிக்கூண்டில், ஒருத்தியைக் கல்லறைத் தோட்டத்தில், ஒருத்தனை ஸ்டேஷன் பக்கம் என்று தனித்தனியாக நிறுத்துவீர்கள். முதலில் காதால் கேள், யாரும் பேசவில்லை என்று தெரிந்த பிறகு அமுக்கு, ஒரு மூச்சு விட்டுப் பேசு, பேசி முடித்தவுடன் 'ஓவர்' சொல்லிப் பட்டனை விடு. ஒருவர் அமுக்கிக்கொண்டிருக்கும் வரை மற்றவர் யாருக்கும் வழி கிடையாது, அமுக்குகிறவர் காதுக்கும் ஒன்றும் விழாது என்பீர்கள். எழுத்து தெரியாத என் மண்டையிலேயே அது ஏறி உட்கார்ந்துவிட்டது. பாஸ்கல் வீட்டுக்கு வந்தும் அதையே செய்வான். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு 'ஓவர்' என்பான். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "இன்னாடா ஓவரு? கொழம்புல உப்பு ஓவரா?" என்று கேட்பாள்.

தம்பி, அந்தப் புயல் நாள் காலையைப் பற்றி நீங்கள் ஊரில் சொல்லிவிட்டுப் போனது ஒன்று. நான் அந்த ஹாலில் இருந்து கேட்டது வேறு. இத்தனை மாதமாக நாம் இருவரும் அதைப் பேசவில்லை. இன்று பேசிவிடுகிறேன்.

டெலிபோன் செத்துப்போய், மரங்கள் சாய்ந்து, ஏரிக்கரைக் குடிசைகளுக்குள் தண்ணீர் வந்த நேரம். குடிசைக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்க்க பாஸ்கலை ஒரு செட்டோடு அனுப்பியிருந்தீர்கள். பள்ளிக்கூட வராண்டாவில் பெண்களோடு ஜெயகுமாரி ஒரு செட்டு வைத்திருந்தாள். ஹாலில் மேசைமேல் பெரிய செட்டு முன்னால் நீங்கள். நான் ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் வாளி வைத்துக்கொண்டு இருந்தேன். அப்போதுதான் மன்றத்துக் கன்னியப்பன் சொட்டச் சொட்ட ஓடிவந்து, "சார், ஸ்கூல் சந்துல கரண்டு கம்பி அறுந்து தண்ணில கெடக்குது. ஒரு நாயி கால வச்சிச்சி, அப்டியே விறைச்சிக்கினு கீது சார்" என்றான்.

அந்தச் சந்து வழியாகத்தான் பாஸ்கல் போய் வந்துகொண்டிருந்தான். நீங்கள் மைக்கை எடுத்தீர்கள். ஆனால் செட்டுக்குள் ஜெயகுமாரி ஜெபமாலை சொல்லிக்கொண்டு இருந்தாள்.

வராண்டாவின் தகரக் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போனதாம். பெண்களும் குழந்தைகளும் அலறினார்களாம். அவர்களை அடக்க அவள் ஜெபமாலை ஆரம்பித்திருக்கிறாள். கோயிலில் தினம் சாயங்காலம் மைக்கைக் கையில் பிடித்து ஜெபமாலை சொல்கிறவள் அவள்தான். அதே பழக்கத்தில் செட்டை வாய்க்கு நேராகப் பிடித்து, பட்டனை அமுக்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள். இத்தனைக்கும் உங்கள் வகுப்பில் அவள்தான் கெட்டிக்காரி. "உடும்மா ஜெயா, கைய எடும்மா" என்று நீங்கள் கத்தினீர்கள். அவளுக்கு எப்படிக் கேட்கும்? பாஸ்கலுக்குப் பக்கத்தில் இருப்பவள் அவள், அவள் குரலைத் தாண்டி நம் குரல் அவனிடம் போகாது என்று சொல்லிக்கொண்டே மைக்கைப் போட்டுவிட்டு மழையில் ஓடினீர்கள்.

ஹாலில் நானும் அந்தக் குரலும்தான். நீங்கள் எங்கள் வேதம் இல்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். ஜெபமாலையில் முன்பாதியை ஒருவர் சொல்வார். பின்பாதியை மற்றவர்கள் பதிலாகச் சொல்ல வேண்டும். இப்போதும் நாங்கள் சாகிற நேரத்திலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் தாயே என்று மாதாவைக் கேட்பதுதான் அந்தப் பின்பாதி. சின்ன வயதிலிருந்து சொன்ன வாய். கையில் வாளியோடு நின்றபடி, அவள் சொல்லச் சொல்ல நானும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். சாகப்போவது யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நீங்கள் சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. போலீசிடமும் சாமியாரிடமும், நான்தான் அவனை அந்தச் சந்தில் வரச் சொன்னேன், என் தப்பு என்று சொல்லிவிட்டீர்கள். பெண்பிள்ளையின் பெயர் வெளியே வரக்கூடாது என்று செய்தீர்கள். உங்கள் வாசலில் வந்து சகாயம்மாள் மண்ணை வாரித் தூற்றியபோதும் தலை குனிந்து நின்றீர்கள். கூட நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை. நீங்களே மறைத்ததை நான் எப்படிச் சொல்வது? மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள். சகாயம்மாள் சாபம் மட்டும் நிற்கவில்லை. விளக்கு வைக்கும்போதெல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்பாள்.

போன வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்து ஜெயகுமாரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரமாட்டேன் என்று படியிலேயே நின்றாள். "பெரிம்மா, சார் மேல தப்பு இல்ல. நான்தான் கைய எடுக்கல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்து, அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றாள்.

சகாயம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "நீ சொன்னது அவனுக்கும் கேட்டிருக்குமா?" கேட்டிருக்கும் பெரியம்மா, அவன் செட்டிலும் அதுதான் வந்திருக்கும் என்று இவள் சொன்னாள்.

"அப்ப எம்புள்ள பதில் சொல்லிகினேதான் போயிருப்பான்" என்றாள் சகாயம்மாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். பிள்ளையை அடக்கம் செய்த அன்றுகூட அப்படி அழவில்லை. இவளும் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் அடுப்பைப் பற்றவைத்து இருவருக்கும் காபி போட்டேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். இருவரும் அப்படியே குடித்தார்கள்.

இதை எழுதிக்கொண்டிருப்பதும் ஜெயகுமாரிதான். கையெழுத்தைப் பார்த்து நீங்கள் முன்பே கண்டுபிடித்திருப்பீர்கள். கெட்டிக்காரி என்று நான் சொன்ன இடத்தில் பேனாவை நிறுத்திவிட்டாள். எழுது என்று அதட்டித்தான் எழுதவைத்தேன். மன்றத்துக்கு மட்டும் போகமாட்டேன், அந்த செட்டைத் தொடமாட்டேன் என்கிறாள். அது அவள் இஷ்டம். ஆனால் சத்தியராஜும் அந்தப் பூந்தமல்லிப் பிள்ளைகளும் தொடுகிறார்கள். ஐப்பசி வந்தால் மழை வரும். இப்போது இருக்கிற மாதிரியே அவர்கள் அந்த செட்டுகளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவார்கள். அவர்களுக்கும் ஹாலில் வாளி வைத்துக்கொண்டு நிற்க ஒரு அப்பன் இருப்பான்.

அதனால் கேட்கிறேன். மே மாத லீவில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். லீவு முடியும் வரைக்குமாவது இந்தப் பிள்ளைகளை உட்காரவைத்து, உங்கள் விதத்தில் முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள். அன்று நடந்ததையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். யார் பெயரும் வேண்டாம். பாஸ்கல் பெயரை மட்டும் சொல்லுங்கள். எங்களுக்கு அதில் வருத்தம் இல்லை.

உங்கள் குவார்ட்டர்ஸ்தான் இப்போது இல்லையே, எங்கே தங்குவது என்று யோசிக்காதீர்கள். இதைச் சொல்லச் சொன்னது சகாயம்மாள். அவள் வார்த்தையை அப்படியே எழுதச் சொல்கிறேன்: "அந்தத் தம்பி வேற எங்கயும் தங்கக் கூடாது. நம்ம ஊட்டுக்குத்தான் வரணும். பாஸ்கல் கட்டில் சும்மாதான் கெடக்குது. மெத்தைய வெயில்ல போட்டு வைக்கிறேன்னு சொல்லு."

உங்கள் குழந்தைக்கு நீண்ட ஆயுசும், உங்களுக்கு ராத்திரியில் நல்ல தூக்கமும் கிடைக்கட்டும் என்று இரண்டு கிழங்களும் ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
சவரிமுத்து
(இடது கைப் பெருவிரல் ரேகை)

எழுதியது: ஜெ. ஜெயகுமாரி