மூன்று மணிக்கு முன் தெளித்த தண்ணீர்

என் அன்புத் தம்பி ஆரோக்கியம்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சிரிப்பாய். நாங்கள் சுகம். நீ கண்ணை மூடிய பிறகு உன் தெர்மாமீட்டர் பெட்டி குமணன்சாவடியில் என் வீட்டுப் பின்பக்கம் நிற்கிறது. நான்தான் பார்த்து எழுதுகிறேன்.

போன வாரம் வேலப்பன்சாவடி கல்லூரியிலிருந்து ஒரு டீச்சர் உன் நோட்டைக் கேட்டு வந்தார். ஆவடி குவார்ட்டர்ஸில் பத்து வருஷம் பகல் மூன்று மணி வெயிலை எழுதிவைத்தாயே, அதே நோட்டுதான். இந்தப் பக்கத்து வெயில் இனி எப்படி ஏறும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறாராம். பள்ளிக்கூடங்களுக்கு என்ன கூரை போடலாம் என்பதையும் அதை வைத்துத்தான் சொல்வாராம்.

நோட்டை வாங்கிப்போனவர் நாலு நாளில் திரும்பி வந்தார். "ரெண்டு கோடை மட்டும் என் கணக்கைவிடக் குறைவா இருக்கும்மா. அவர் கண்ணால பார்த்து எழுதினது. நான்தான் கணக்கை மாத்தணும்."

எனக்குத் திக்கென்றது. என் வீட்டுக்காரர் வெளியூர் மாற்றலில் இருந்தபோது உன்னோடு நான் தங்கிய கோடைகள் அவை. ஃபாக்டரியிலிருந்து வெந்து வருவாயே என்று இரண்டரைக்கே முற்றத்தில் நாலு வாளி தண்ணீர் தெளித்துவைப்பேன். அந்தக் குளிர்ச்சியில் நின்றுதான் நீ பெட்டியைத் திறப்பாய். பாவி, எனக்கு உறைக்கவே இல்லை!

பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப்போய்ச் சொன்னேன். "டீச்சருக்கு இன்னா தெரியப்போவுது? கம்முனு கெட, அக்கா. தம்பி பேரு கெட்டுடும்" என்றாள்.

சொன்னால் உன் நோட்டு முழுவதையும் சந்தேகப்படுவார்கள். சொல்லாவிட்டால் கணக்கு வெயிலைக் குறைத்துக் காட்டும். ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் தகரத்துக்குக் கீழே வேகும். கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

டீச்சர் நோட்டைப் புரட்டினார். "அப்போ இந்தப் புள்ளிங்க? மை சிந்தினதுன்னுல்ல நினைச்சேன்!" அந்த இரண்டு கோடையின் ஓரங்களில் நாளுக்கொரு புள்ளி. பின் அட்டையின் உள்பக்கம் உன் குண்டு எழுத்தில் ஒரு வரி: "புள்ளி: அக்கா தண்ணீர் தெளித்த நாள். எவ்வளவு குளிர்ந்தது என்று தெரியாது. எண்ணை மாற்றவில்லை."

தெரிந்தேதான் நின்றாயா, திருட்டுப் பயலே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனே. அதனால்தான் சொல்லவில்லையா?

"அந்த முற்றத்தோட நிஜமான வெயில் எதும்மா? நான் தெளிச்சதா, தெளிக்காததா?" என்று டீச்சரைக் கேட்டேன். "ரெண்டுமேதான். எது எதுன்னு குறிச்சு வெச்சிருக்காரே, அது போதும்" என்றார். புள்ளி வைத்த நாட்களைத் தனியே ஒதுக்கி, மற்ற வருஷங்களை நம்பி எடுத்துக்கொண்டார். கணக்கை மாற்றவில்லை. மூன்று பேருமாகக் காப்பி குடித்தோம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இனி மூன்று மணிக்கு எழுதிய பிறகுதான் வாளியைத் தொடுவேன். என்றாவது மறந்து முன்னாலேயே தெளித்துவிட்டால், எண்ணை மாற்ற மாட்டேன். ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன்.

உன் புள்ளிகளில் இருக்கும்
அக்கா மரியபுஷ்பம்