ஜெனிஸ்ராவின் வேலை

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. மானிப்பாயில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது. வேலை தருவதாகச் சொன்ன மெல்பேர்ண்காரருக்கு, மாதிரிக்கு ஒரு இணையப் பக்கம் செய்து அனுப்பி ஒரு கிழமை. பதில் இல்லை. இன்று அவருடைய தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் செய்த பக்கம் அப்படியே ஓடுகிறது. நன்றி என்றுகூட ஒரு சொல் இல்லை.

நான் இருந்த மென்பொருள் கொம்பனி ஆட்களைக் குறைத்தபோது முதலில் வெளியே வந்தவள் நான். இனி வீட்டிலிருந்தே, தனியாக, ஒப்பந்தத்தில் வேலை எடுத்துச் செய்வதாக முடிவு. முடிவு மட்டும்தான்.

அம்மா போனில் பெரியம்மாவுக்கு: "ஓமக்கா, கொந்தராத்து வேலையாம். இல்லை, வீடு கட்டுறதில்லை. எனக்கும் விளங்கேல்லை."

நவம்பர் 5, புதன்

வெயில். உடுப்புத் தோய்த்தது. விண்ணப்பம் மூன்று. பக்கத்து வீட்டு மாஸ்ரர் வந்தார். "பிள்ளை, நீ கொம்பியூட்டர் படிச்சனீ தானே, எங்கடை ரீவியிலை படம் தெரியேல்லை. ஒருக்கா வந்து பாரன்."

வயர் கழன்றிருந்தது. செருகிவிட்டேன். தேத்தண்ணி தந்தார்கள். இந்தக் கிழமை நான் முடித்த ஒரே வேலை.

களைப்பு. ஒன்றும் செய்யாமலே களைப்பு.

நவம்பர் 7, வெள்ளி

பழைய மனேஜர் போன் எடுத்தார். ஒப்பந்த வேலை! நோர்வேயில் ஒரு தளபாடக் கடையின் இணையத்தளம். ஆறு மாதம். ஓம் சொல்ல வாய் திறந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, அது ஜெனிஸ்ராவின் வேலை. நான்கு வருடம் எனக்குப் பக்கத்து மேசை.

"அப்ப அவ?"

"அவவை நிப்பாட்டப் போறம், ஒப்பந்தம் எண்டால் செலவு குறைவு. புதன்கிழமைதான் சொல்லுவம். நீங்கள் ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம். திங்கள் பதில் சொல்லுங்கோ."

அம்மா கதவடியில் நின்று கேட்டிருக்கிறார். பாயாசம் வைத்தார். குடித்தேன். ஜெனிஸ்ராவைப் பற்றிச் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பஸ்ஸில் யாழ்ப்பாணம். அங்கிருந்து குருநகரில் ஜெனிஸ்ரா வீட்டுக்கு நடை. அவள் தேவாலயத்தில் பூசைக்குப் போய் வந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தி நின்றது.

"நீ என்ன சொன்னனீ?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை."

"எடுக்கப் போறியோ?"

"தெரியாதடி. எனக்கும் வேலை வேணும்."

"அப்ப என்னட்டை என்னத்துக்கு வந்தனீ? எடு எண்டு நான் சொல்லோணுமோ?"

திரும்ப மீனை வெட்டத் தொடங்கினாள். அவள் பிறகு நிமிரவேயில்லை. திரும்பும் பஸ்ஸில் இருக்க இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 10, திங்கள்

மூட்டம். மனேஜருக்கு எடுத்து, வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. தினமும் அந்த வேலையைத் திறக்கும்போது அவள் முகம் வரும். அதைத் தாங்க ஏலாது. அவ்வளவுதான்.

"யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ? இனி ஒருக்கா எடுக்க மாட்டன்" என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். அடுப்படிக்குள் போய், கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினார்.

நவம்பர் 13, வியாழன்

திரும்ப மழை. பின்னேரம் ஜெனிஸ்ரா எடுத்தாள். நேற்று அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார்களாம். "ஒப்பந்தத்திலை ஆள் வேணுமெண்டால் நானே செய்யிறன்" என்று அங்கேயே சொன்னாளாம். நான் மறுத்த பிறகு வேறு ஆள் கிடைக்கவில்லை, சம்மதித்துவிட்டார்கள். அதே வேலை. இனி லீவு இல்லை, ஓய்வுக்காலத்துக்குச் சேரும் சேமலாப நிதி இல்லை.

"செய்து முடிக்கிறதைப் பரிசோதிச்சுப் பாக்க ஒராள் வேணும். நான்தான் சம்பளம் தருவன், கொஞ்சம்தான். செய்வியோ?"

"ஓம்."

"உன்னோடை கோவம் இன்னும் போகேல்லை, சொல்லிப்போட்டன்."

"ஓம்."

"நாளைக்குக் காலமை வா." வைத்துவிட்டாள்.

அம்மா உள்ளேயிருந்து: "ஆர் பிள்ளை போனிலை?"

"வேலை தந்தவ, அம்மா."