நோன்பு மாதமும் ராத்திரி மாத்திரையும்

17-10-2005, திங்கள். கம்பம்.

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. நோன்புக் கஞ்சிக்கு வாங்க வேண்டியவை: பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், புதினா. தேங்காய் கிடையாது. வீட்டுக்காரர் நடத்துவது தேங்காய் மண்டி, வீட்டுக்குள் தேங்காய்க்குத் தடை. போன வருஷம் நெஞ்சுவலி வந்து மதுரையில் அடைப்பு எடுத்ததிலிருந்து இந்தக் கூத்து.

என் தம்பி இரண்டாவது சாக்கு பம்பளிமாஸ் பஸ்ஸில் போட்டுவிட்டிருக்கிறான். குமுளிக்கு அந்தப் பக்கம் அவன் தோட்டத்தில் இந்த வருஷம் நல்ல காய்ப்பாம். உரித்துச் சாறு பிழிவதற்குள் கை ஓய்ந்துபோகிறது. நோன்பு திறந்ததும் இவருக்குப் பேரீச்சம்பழம், அடுத்து பெரிய டம்ளரில் இந்தச் சாறு. கொழுப்பு மாத்திரையையும் அதோடு விழுங்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குக் கிளம்பிவிடுகிறார்.

“ஈரல் ராத்திரியிலதான் கொழுப்பை நெறைய உண்டாக்கும், மாத்திரைய ராத்திரியில போடுங்க” என்று தேனி டாக்டரம்மா சொன்னபோது, “அப்ப என் ஈரலுக்கு நைட் ஷிப்டா?” என்று கேட்டவர். அந்தம்மா சிரிக்கவில்லை.

கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும்.

20-10-2005, வியாழன்.

மழை விட்டது. இவருக்கு இரண்டு தொடையிலும் வலி. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். ராத்திரி தராவீஹ் தொழுகையில் அவ்வளவு நேரம் நிற்பதால் என்று நினைக்கிறோம். பக்கத்து வீட்டு மைமூன் அக்கா, “தொழுது வந்த வலிடி, நன்மைதான். எண்ணெயத் தேச்சு விடு” என்றாள். தேய்த்தேன். தொட்டாலே கத்துகிறார். நாற்காலி போட்டுத் தொழலாமே என்றேன். முறைத்தார்.

வடை உப்புக் கரித்துவிட்டது. நோன்போடு ருசி பார்க்க முடியாத சங்கடம்.

22-10-2005, சனி.

தோள், முதுகு எல்லாம் வலி. சட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். மண்டிக்குப் போகவில்லை. இந்த மனிதர் மண்டிக்குப் போகாமல் இருந்தால் உடம்புக்கு நிஜமாகவே முடியவில்லை என்று அர்த்தம்.

மத்தியானம் சர்வசாதாரணமாகச் சொல்கிறார், “ஏம்ப்புள்ள, ஒண்ணுக்கு பால் ஊத்தாத கட்டஞ்சாயா மாதிரி போகுது. பகல்ல தண்ணி குடிக்காததுதான்.” நானும்தான் குடிக்கவில்லை. எனக்கு அப்படியா போகிறது? ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். டாக்டரம்மா திங்கட்கிழமைதான் வருவாராம்.

அதுவரை சாறு கூடக் கொஞ்சம் கொடுத்தேன். தெம்பாக இருக்கட்டும் என்று.

24-10-2005, திங்கள்.

தேனி. காலை ஏழு மணி பஸ். சின்னமனூர் வரை நின்றுகொண்டே போனோம், பிறகு யாரோ இவருக்கு இடம் கொடுத்தார்கள்.

டாக்டரம்மாவிடம் வெறுங்கையோடு போகக் கூடாதென்று பையில் இரண்டு பம்பளிமாஸ் எடுத்து வந்திருந்தார் இவர். நோவைச் சொல்வதற்கு முன்னால் மேஜையில் வைத்தார். “எங்க மச்சினன் தோட்டத்துப் பழம்மா. நீங்கதான பழம் நெறையச் சாப்பிடச் சொன்னீக.”

டாக்டரம்மா இவர் தொடையை அமுக்கிப் பார்த்தார். ஒண்ணுக்கு என்ன நிறம் என்று கேட்டார். பழத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, “இத எப்பச் சாப்பிடுறாரு?”

“நோம்பு தெறக்கும்போது சாறாக் குடிக்கிறாகம்மா. மாத்திரையும் அதுலதான் போடுறாக.”

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் சொன்னதை மறந்துபோகும் முன் எழுதி வைக்கிறேன்: “இந்த மாத்திரையில பெரும்பகுதியக் குடலும் ஈரலும் முன்னாடியே ஒடச்சுப் போட்டுரும். மிச்சம் கொஞ்சந்தான் ரத்தத்துக்குப் போகும். அதுக்குத் தக்கனதான் அளவு குடுக்கிறோம். இந்தப் பழம் குடல்ல அந்த ஒடைக்கிற வேலைய நிறுத்திரும். போடுறது ஒரு மாத்திரைதான், ரத்தத்துல சேர்றது பல மடங்கு. அதுல தசை கரையுது. கரைஞ்சதுதான் கட்டஞ்சாயாவா வருது. அது கிட்னிய அடைச்சிரும்.”

பழம். நானே பிழிந்து, கொட்டை எடுத்து, வடிகட்டிக் கொடுத்த பழம். அழுகை வந்துவிட்டது. “ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் சொல்லியிருக்கணும்” என்றார் டாக்டரம்மா. நல்ல மனசு.

ரத்தப் பரிசோதனை சாயந்திரம் வந்தது. தசை கரைந்த கணக்கு எக்கச்சக்கம். கிட்னி கொஞ்சம்தான் கெட்டிருக்கிறது. மாத்திரையை உடனே நிறுத்த வேண்டும். தேறிய பிறகு இந்தப் பழத்தோடு மோதாத வேறு மாத்திரை தருவாராம், நெஞ்சுக்காக மாத்திரை இல்லாமல் இருக்கவும் கூடாதாம். இளநீரில் இருக்கும் உப்பு இப்போது கிட்னிக்கு ஆகாதாம். வெறும் தண்ணீர், நிறைய. பகலிலும்.

“ராத்திரியில குடிச்சுக்கிறேன்” என்றார் இவர்.

“பத்தாதுங்க. நாளையிலேர்ந்து பகல்லயும் குடிக்கணும். இல்லேன்னா அட்மிட் பண்ணி டிரிப் போடணும். கிட்னி போனா திரும்ப வராது.”

பதினாலு வயசிலிருந்து ஒரு நோன்பு விட்டதில்லை இவர். நோயாளிக்கு விலக்கு உண்டு, பிறகு பிடித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டால் குடி என்றுதான் சொல்வார். அதனால்தான் இவர் கேட்கப் போகவில்லை.

25-10-2005, செவ்வாய்.

வெயில். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்து என்னோடு சாப்பிட்டு, நோன்பு பிடித்துக்கொண்டார். சண்டை. பத்து மணிக்குச் செம்பில் தண்ணீர் வைத்தேன். தொடவில்லை. பதினொன்றுக்கு அதே கட்டஞ்சாயா. கொஞ்சமாகத்தான் போனது. எனக்குக் கோபம் போய்ப் பயம்தான் இருந்தது. “நீங்க போயிட்டா நான் யாருக்குக் கஞ்சி காய்ச்சுறது?” என்று கேட்டே விட்டேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார், “ஊரு பாக்கக் குடிக்கிறதா? வெக்கமா இருக்குப்புள்ள.”

அந்த நேரம் மண்டிச் சாவி வாங்க பாண்டி வந்தான். காய் உரிக்கிறவன். பல வருஷப் பழக்கம். செம்பையும் என் முகத்தையும் பார்த்தான். சொன்னேன்.

வாசலில் நின்றபடியே பேசினான். “மொதலாளி, ஒங்க நோம்பு மாசம் பூரா நாங்க அம்புட்டுப் பேரும் லாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சுதான் டீ குடிக்கிறோம். ஒங்க மொகத்துக்கு நேரா குடிக்க மனசு வராது. இன்னைக்கு நீங்க ஒளிஞ்சு குடிங்க. நான் இங்கன நிக்கிறேன். ஒரு பய உள்ள வரமாட்டான்.”

கதவைச் சாத்திக்கொண்டு வெளியே திரும்பி நின்றான்.

இவர் சிரித்தார். சிரித்த வலியில் தோளைப் பிடித்துக்கொண்டார். பிஸ்மில்லாஹ் சொன்னார். செம்பை நான்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பாதி குடித்ததும் கண்ணில் தண்ணீர். முழுதும் குடித்துவிட்டு, “இன்னொண்ணு தா” என்றார்.

ஓடினேன். செம்பு தளும்ப மொண்டு வந்ததில் வழியெல்லாம் கொட்டிவிட்டேன்.