பதினைந்து நாள் என்றால் எத்தனை நாள்

அக்டோபர் 4, 1931. ஞாயிறு.
விடியலில் தூறல். எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் பூசைக்கு நடை. நான், தங்கை ரெஜினா, அவள் மகள் லூர்து. குடை ஒன்று, தலை மூன்று.

தீர்ப்புப்படி இன்று முதல் முறை. புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தாயிற்று. பிள்ளை தாயிடம். தகப்பன் சவரிநாதன் வந்து பகலுக்கு அழைத்துப்போகலாம். வந்தான். குடிக்கவில்லை. கையில் கடலை உருண்டை. லூர்து கொஞ்ச நேரம் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்புறம் ஓடிவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை.

மாலை ரெ. கேட்டாள், "அடுத்தது எப்பண்ணே?" தீர்ப்பு பிரெஞ்சில். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவன் வாத்தியார் நான் ஒருவன்தான். "கேன்ஸ் ழூர்" என்றிருந்தது. கேன்ஸ் பதினைந்து, ழூர் நாள்.
"பதினைஞ்சு நாளுக்கு ஒருக்கா."
விரல் விட்டு எண்ணினாள். "திங்கக்கெழமை வருதே. அவருக்கு மில்லு இருக்குமே."
"எழுதியிருக்கறது அதான்."

அக். 10. சனி.
வாங்க வேண்டியது: சாக்கட்டி, விளக்குத் திரி, லூர்துக்கு இருமல் மருந்து. கூரையில் இரண்டு ஓடு மாற்றணும். மருந்து மட்டும் வாங்கினேன்.

அக். 18. ஞாயிறு.
நல்ல வெயில். சவரி. காலையிலேயே வாசலில். புதுச் சட்டை. ரெ. கதவை மறித்து நின்றாள்.
"இன்னிக்குப் பதினாலுதான். நாளைக்கு வாங்க."
"இன்னா கணக்கு இது? ஞாயித்துக்கெழமதான எனக்கு லீவு."
"அண்ணன் படிச்சுச் சொல்லிச்சு."
என்னைப் பார்த்தான். "மச்சான், நீங்க சொல்லுங்க."
தீர்ப்பில் இருப்பதுதான் என்றேன். போய்விட்டான். லூர்து சன்னல் கம்பியை விடவில்லை.

அக். 19. திங்கள்.
லூர்து தலை சீவிக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். அவன் வரவில்லை. வரமுடியாது என்று தெரியும்.

அக். 27. செவ்வாய்.
உய்சியே வந்தார், கோர்ட்டுக் காகிதம் கொண்டுவந்து கொடுக்கிற ஆள். ரெ. பேருக்குச் சம்மன். தீர்ப்பை மீறிப் பிள்ளையைத் தகப்பனிடம் விடாதது குற்றம். ஒரு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அபராதம் வேறு. இரண்டு தடவை படித்தேன், குறையவில்லை.
ரெ. "செயிலா? நான் சரியாத்தானேண்ணே எண்ணினேன்?"
சோறு வெந்து குழைந்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

அக். 28.
இங்கே மட்டும் எழுதுகிறேன். கேன்ஸ் ழூர் என்றால் இரண்டு வாரம். பிரெஞ்சுக்காரன் பேச்சு அப்படித்தான். நாமும் அப்படித்தான் பேசுகிறோம். சாமியார் பள்ளியில் படித்தபோதே எனக்குத் தெரியும். அன்று மாலை "இரண்டு வாரம்" என்று வாயில் வரவில்லை. வரவிடவில்லை. பிள்ளை அவனிடம் ஓடினதுதான் காரணம். பொறாமை. வேறு பேர் இல்லை இதற்கு.

நவ. 1. ஞாயிறு.
ரெ. தானே பிள்ளையை அனுப்பினாள்.

நவ. 5. வியாழன்.
புதுச்சேரி கோர்ட்டு. மழை. தீர்ப்பைப் படித்துச் சொன்னது யார் என்று நீதிபதி கேட்டார். எழுந்தேன். என்னிடம் பிரெஞ்சிலேயே கேட்டார். முழுதும் புரிந்தது. புரியாதவன்போலத் துபாஷியின் முகத்தைப் பார்த்தேன். அவர் தமிழில் சொன்ன பிறகு தமிழில் பதில். "அரைகுறைப் படிப்புங்க. நாளை நாளாவே எண்ணிட்டேன்." கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். ஊரில் பிரெஞ்சு வாத்தியார் என்று பேர்.
ரெ.வுக்குக் குற்ற எண்ணம் இல்லையென்று விடுதலை. அவள் என் கையைப் பிடித்து அழுதாள். வெட்கமாயிருந்தது.
வெளியே மழைக்கு ஒதுங்கினபோது சவரி. பக்கத்தில்.
"என் கல்யாணத்துல பந்தியில எழுந்து பிரெஞ்சுல பேசுனது நீங்கதான மச்சான். தொரையே கை தட்டுனாரே."
கோர்ட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"சொன்னா உங்களை உள்ள வெப்பாங்க. அப்பறம் அவளுக்கும் புள்ளைக்கும் சோறு யாரு போடுவா?"
வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

நவ. 15. ஞாயிறு.
மேகமூட்டம். லூர்துவை நானே வில்லியனூர் ரயிலடிக்குக் கூட்டிப்போனேன். சவரி. வரும் ரயில் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள்.
"மாமா, இன்னிக்குப் பதினாலா, பதினைஞ்சா?"
"ஞாயித்துக்கெழம," என்றேன்.