உங்கள் துப்பாக்கிக்குத் தோட்டா வந்துவிட்டது

என் கறுப்பு மழைக்கோட்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. சனிக்கிழமை போட்டுக்கொண்டு போனது. கைப்பகுதியில் வெடிமருந்து வாசனை இன்னும் போகவில்லை. தீபாவளிக்கு மறுநாள் வாசலில் வரும் வாசனை மாதிரி இல்லை. அதைவிட மெல்லியது, கொஞ்சம் உலோகம் கலந்தது. இந்த வாசனையோடு நீங்கள் ஒருநாள்கூட வீட்டுக்கு வந்ததில்லை. அத்தனை வருஷம் அந்த ரைஃபிள் நம் வீட்டில் இருந்தும் ஒருமுறைகூட வெடித்ததில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

நகரத்தின் தெற்கு ஓரம், பாபகூராவில் ஒரு மண்டபத்தில் பழைய ராணுவச் சாமான்களின் கண்காட்சி நடந்தது. சும்மா பார்க்கத்தான் போனோம். முதல் உலகப் போருக்கும் முந்தைய ஜெர்மன் ரைஃபிள் ஒன்று மேசையில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துத் தள்ளிச் சுடுகிற வகை. நீங்கள் கோயம்புத்தூரில் கல்லூரி என்.சி.சி. முகாமில் சுட்டதோடு சரி. அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டதே கிடையாது. ஆனாலும் அன்று அந்த மேசையை விட்டு நகரவில்லை. லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வருகிறேன், யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று மேசைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினீர்கள். காரில் நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

லைசன்ஸ் விசாரணைக்கு ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். உங்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டு என்னிடம் தனியாகக் கேட்டார். கணவருக்குக் கோபம் வருமா, குடிப்பாரா, வீட்டில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குச் சம்மதமா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். இவர் கரப்பான்பூச்சியைக்கூட அடிக்கமாட்டார், பேப்பரில் ஏந்திக்கொண்டு போய் வெளியே விட்டுவிட்டு வருவார் என்றேன். அந்த அம்மாள் சிரித்தபடி எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் உள்ளே வந்து, "என்ன சொன்னே?" என்றீர்கள்.

"நல்லவருன்னு சொன்னேனுங்க. பொய் சொல்லக் கூடாதுன்னு தெரிஞ்சும்."

ரைஃபிள் வந்தது. சுவரோடு முடுக்கிய இரும்புப் பெட்டியும் வந்தது. தோட்டா மட்டும் வரவில்லை.

அந்த ஜெர்மன்காரர்கள் செய்த வேலையை நீங்கள் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! முதலில் ஒரு அளவில் குண்டு செய்தார்கள். பிறகு கொஞ்சம் பருமனாக்கிவிட்டுக் கிட்டத்தட்ட அதே பெயரையே வைத்தார்கள். வித்தியாசம் ஒரு தலைமுடி அளவுதான். இன்றைக்குக் கடையில் கிடைப்பதெல்லாம் பருமனானது. பழைய துப்பாக்கிக்குள்ளும் அது சுகமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். சுட்டால் குழல் முகத்தில் வெடித்தாலும் வெடிக்கும். நம் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, மெத்தென்ற ஈய உருண்டை ஒன்றைக் குழலின் ஒரு முனையில் வைத்து, மரக்குச்சியால் தட்டித் தட்டி மறுமுனையில் எடுத்தீர்கள். அதை வெர்னியர் அளவுகோலில் அளந்தீர்கள். தொழிற்சாலையில் நாள் முழுக்க அளந்துவிட்டு வந்தது போதாதா என்று கேட்டேன். நம்முடையது பழைய அளவு. சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு நம் சனிக்கிழமைகள் எல்லாம் தோட்டாவுக்கே போயின. எங்கே கண்காட்சி, எங்கே ஏலம், யார் வீட்டில் பழைய பெட்டி கிடக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போனோம். நான் தயிர்சாதமும் பிளாஸ்கில் காபியும் எடுத்துக்கொண்டு கூட வருவேன். நீங்கள் உள்ளே இருக்கும்போது காரில் உட்கார்ந்து படிப்பேன். கிளென்ஃபீல்டில் ஒரு வீட்டு கராஜில் ஒருவர் துருப்பிடித்த டின்னைத் திறந்து காட்டினாரே, நினைவிருக்கிறதா? எல்லாம் எட்டு மில்லிமீட்டர்தான், அருமையாக உள்ளே போகும், கவலைப்படாதே என்றார் அவர். நீங்கள் வெளியே வெளிச்சத்துக்கு வந்து நம் கார் பானட்டின் மேல் வைத்து அளந்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினீர்கள்.

"உள்ள போகும். ஆனா நம்ம துப்பாக்கியோடது இல்ல."

உங்கள் முகத்தில் ஏமாற்றமே இருக்காது. அதுதான் எனக்கு ஆச்சரியம். அங்கேயே கடற்கரைப் பக்கம் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். அடுத்த வாரம் எங்கே போகலாம் என்று அப்போதே பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

போன குளிர்காலத்தில் நீங்கள் போய்விட்டீர்கள். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள். பையன் சிட்னியிலிருந்து வந்தான், காரியங்களைச் செய்தான், திரும்பிப் போனான். லைசன்ஸ் இல்லாத நான் ரைஃபிளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று போலீஸில் சொன்னார்கள். உங்கள் சிநேகிதர் சாம் வந்து, முறைப்படி தன் பெயருக்கு மாற்றி எடுத்துப்போனார். ஃபிஜியில் பிறந்த தமிழர், பாபகூராவில் இருப்பவர், தன் ஷெட்டில் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்துத் தானே தோட்டா செய்து சுடுகிறவர் என்று நீங்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொண்டுபோங்கள், விற்றாலும் சரி என்றேன். அது வாசலைத் தாண்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை வந்தபோதுதான், எங்கே போவது என்று தெரியவில்லை.

போன வாரம் சாம் போன் செய்தார். அவருக்குத் தமிழ் சில வார்த்தைகள்தான் தெரியும், ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"சிஸ்டர், உங்க ஹஸ்பண்ட் அமெரிக்காவிலிருந்து வரவழைக்கச் சொல்லியிருந்த குண்டு இப்போதான் வந்தது. நான் அளந்துட்டேன். அதே அளவு. அதை வெச்சுத் தோட்டா செஞ்சு வெச்சிருக்கேன். நீங்க இல்லாம சுட எனக்கு மனசு வரலை."

சனிக்கிழமை ரயிலில் போனேன். ஸ்டேஷனிலிருந்து சாம் மலைப்பக்கம் இருக்கும் சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார். தூறல். நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, பழைய பொருளை நம்பிவிடக் கூடாது என்று, அவரும் நம்பவில்லை. ரைஃபிளைப் பழைய டயரில் வைத்துக் கட்டி, விசையில் கயிறு கட்டி, என்னைத் தடுப்புக்குப் பின்னால் நிறுத்திவிட்டு இழுத்தார். காதை அடைத்திருந்தும் நெஞ்சில் இடித்தது. ஓடிப்போய் வெறும் பித்தளைக் கூட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரிசல் இல்லை, உப்பல் இல்லை. பிறகு தோளில் வைத்து அவரே ஒன்று சுட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இப்போ நீங்க."

"ஐயோ, நானா? எனக்கு லைசன்ஸ் இல்லையே."

"நான் பக்கத்துலயே நின்னா சட்டப்படி சரி. பின்னால இருக்கற கட்டையைத் தோளோட இறுக்கி அணைச்சுக்கோங்க. விட்டீங்கன்னா உதைக்கும்."

ரைஃபிளைக் கையில் வாங்கினேன். அது இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஒருநாள்கூடத் தூக்கிப் பார்த்ததில்லையே. கட்டை கன்னத்தில் சில்லென்று இருந்தது. இறுக்கத்தான் அணைத்தேன். ஆனால் விசையை அழுத்தும் நேரத்தில் பயத்தில் பிடியை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. குதிரை உதைத்த மாதிரி பின்னால் போய் சாமின் கைமேல் சாய்ந்தேன்.

"நல்லா, சிஸ்டர்! நல்லா!" என்று தமிழில் கத்தினார் சாம். குண்டு இலக்குப் பலகையில் பட்டிருந்தது, ஓரமாக.

நான் திரும்பினேன். உங்களிடம் சொல்லத் திரும்பினேன். பின்னால் காரும் ஈரப் புல்லும்தான் இருந்தன. கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்க்க யாரும் இல்லை. அத்தனை சனிக்கிழமையும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவள் நான்தான் என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது. அப்போதுதான் அழுதேன். சாம் போய்க் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ரைஃபிள் அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். துடைத்து, எண்ணெய் போட்டு, நன்றாக வைத்துக்கொள்வார். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். சரி என்றேன். தேட வேண்டியது ஒன்றும் இல்லாதபோது எதைச் சொல்லிக்கொண்டு போவது?

ஞாயிற்றுக்கிழமை பையன் கூப்பிட்டான். "ஹவ் வாஸ் யுவர் வீக்கெண்ட், அம்மா?"

"நல்லா இருந்துச்சுப்பா" என்றேன். துப்பாக்கி சுட்டேன் என்று சொன்னால் பயந்துவிடுவான். சொல்லத் தெரியவும் இல்லை.

வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. முதலில் கருநீலம், இன்று காலை குளிக்கும்போது பார்த்தேன், ஓரமெல்லாம் பச்சையாகி மஞ்சளாகிக்கொண்டு வருகிறது. இங்கே பாருங்க, எப்படி ஆயிருச்சுன்னு, என்று காட்ட இந்த வீட்டில் ஆள் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் பதறிப்போய்த் தைலம் தேடியிருப்பீர்கள். நான் ஒன்றும் தடவவில்லை. பாத்திரம் எடுக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம் சுருக்கென்று வலிக்கிறது. இன்னும் சில நாள் வலிக்கட்டும்.